ஒன்பதாவது மேசை

பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை ஏரிக்கரை ஊரான ஆல்டர் பேயின் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வராது. மூக்கு ஒழுகுகிற பிள்ளையைக்கூடக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். அன்று தலை எண்ணும் நாள். அன்று காலை வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் மாநில அரசின் பணம் வரும். பிள்ளைகளை வரவழைக்க மதியம் பாஸ்டி போடுவார்கள். மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட அந்தப் பண்டத்தின் வாசம் காலை எட்டு மணிக்கே நடைக்கூடம் முழுக்கப் பரவியிருந்தது.

கரின் ஹூத்தலா அந்தப் பள்ளி அலுவலகத்தில் பதினொரு வருடமாக எழுத்தர். கையில் அட்டையும் படிவமுமாக அறை அறையாகப் போய், தன் கண்ணால் பார்த்து, எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டியது அவள் வேலை. ஐந்து அறைகளை முடித்துவிட்டு ஆறாவது அறைக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். தலைமையாசிரியர் கென் மாலெட் பின்னாலேயே வந்தார்.

"பன்னெண்டு வந்தா போதும், கரின். பதிமூணெல்லாம் நான் கேக்கல."

"பதினொண்ணுதான் இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"பதிவேட்டுல பன்னெண்டு இருக்கு. எந்த ஸ்கூலும் அந்தப் பொண்ணோட பதிவைக் கேட்டு நமக்கு எழுதல. எழுதாதவரைக்கும் அவ நம்ம பிள்ளைதான்."

"வகுப்புல உக்காந்திருக்கணும்னு படிவத்துலயே போட்டிருக்கு."

"நீ உள்ள போ. ட்ரெவாரோ டீச்சர் வகுப்பைக் கேளு. அப்புறம் பேசலாம்."

வகுப்பைக் 'கேளு' என்று அவர் சொன்னதை கரின் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாவது அறை தனி. மூன்றாம் வகுப்பிலிருந்தே கணிதத்தை ஆழமாகக் கற்றுக்கொடுத்து, ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ராவுக்குள் கொண்டுபோய், உயர்நிலைப் பள்ளியில் கல்லூரித் தரப் பாடங்களை எடுக்கத் தயார்செய்யும் பாடத்திட்டம் அங்கே நடந்தது. புத்தகம், பயிற்சி, ஆசிரியர் சம்பளம் எல்லாமே மாநில அரசின் நிதி. நிபந்தனை ஒன்றுதான். குளிர்காலக் கணக்கெடுப்பன்று அறையில் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஜூன் மாதத்தோடு நிதி நின்றுவிடும். ஊரின் சுரங்கத்தை மூடிய பிறகு வருடத்துக்கு இரண்டு குடும்பமாவது ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த இடத்தில் பன்னிரண்டு என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. கரினின் மகள் டெஸ்ஸாவும் அந்த அறையில்தான் படித்தாள். பத்தாவது மேசை. வீட்டில் தட்டு கழுவும்போதும் பின்னங்களைப் பற்றிப் பேசுகிற பிள்ளை. இந்த வகுப்பு போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை என்பது கரினுக்குத் தெரியும். அடுத்த பெரிய ஊர் எழுபது மைல்.

உள்ளே போனாள். நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று மேசை. ஒன்பதாவது மேசை காலி. அது ஐவி சொர்வாரியின் இடம். அம்மா இல்லாத பெண். அப்பா டேல் மரம் வெட்டுகிறவன். ஜனவரி நடுவிலிருந்து ஐவி பள்ளிக்கு வரவில்லை. டேல் டெக்சஸ் பக்கம் எண்ணெய் வயல் வேலைக்குப் போய்விட்டான், மகளையும் கூட்டிக்கொண்டு போனான் என்று ஊரே சொன்னது.

ட்ரெவாரோ டீச்சர் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவதில்லை. மேசை வரிசைப்படி பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். யாராவது வரவில்லையென்றால் அந்த எண்ணை யாரும் சொல்லக்கூடாது. ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, அடுத்தவர் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். கணக்கில் ஒரு இடம் காலியாக இருந்தாலும் அது இடம்தான் என்பது டீச்சரின் கொள்கை. பிப்ரவரி பிறந்ததிலிருந்து ஏழாம் வாய்ப்பாடு.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் டீச்சர். அவர் கரினைப் பார்க்கவில்லை.

"ஏழு."

"பதினாலு."

"இருபத்தொண்ணு."

குரல்கள் வரிசையாக வந்தன. கரின் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தலையைப் பார்த்துக் கோடு போட்டாள். நாற்பத்தொன்பது, ஐம்பத்தாறு. எட்டாவது மேசையிலிருந்த பையன் தன் எண்ணைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான்.

"அறுபத்து மூணு."

தெளிவாக வந்தது. கத்தலும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. படித்ததை ஒப்பிக்கும் பிள்ளையின் குரல். ஒன்பதாவது மேசைக்கு மேல், உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் வாய் இருக்கக்கூடிய உயரத்திலிருந்து வந்தது.

"எழுபது," என்றாள் டெஸ்ஸா.

எண்ணிக்கை எண்பத்து நான்கில் முடிந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. கரின் படிவத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு கோடுகள் இருந்தன. ஒன்பதாவது கோட்டை அவள் எப்போது போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. தலைகளை மறுபடி எண்ணினாள். பதினொன்று.

டீச்சர் அவளை நடைக்கூடத்துக்குக் கூட்டி வந்து கதவைச் சாத்தினார். கொஞ்ச நாளில் அவர் மிகவும் மெலிந்து போயிருந்ததை கரின் இப்போதுதான் கவனித்தாள்.

"எத்தனை நாளா?"

"பத்து நாள் இருக்கும். முதல்ல யாரோ பசங்க விளையாடறாங்கன்னுதான் நெனச்சேன். ஒவ்வொருத்தர் வாயையும் பாத்துக்கிட்டே நின்னேன், கரின். ஒருத்தரும் அசையல."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"கென்கிட்ட சொன்னேன். வந்து கேட்டாரு. கேட்டுட்டு, 'நல்லதாப் போச்சு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு." டீச்சர் சிரிக்க முயன்றார். "நான் என்ன சொல்றது? இந்த வகுப்பு இருந்தாதான் எனக்கும் வேலை."

அலுவலகத்தில் கென் பேனாவை எடுத்து நீட்டினார். "கேட்டியா?"

"கேட்டேன்."

"பன்னெண்டு வந்துதா?"

"வந்தது. ஆனா..."

"ஆனா கிடையாது. தலைநகரத்துல உக்காந்திருக்கறவனுக்கு இந்தப் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. அவன் ஒரு எண்ணைக் கேக்கறான். நாம ஒரு எண்ணைச் சொல்றோம். உன் பொண்ணு அல்ஜீப்ரா படிக்கணுமா வேண்டாமா?"

கரின் கையெழுத்துப் போட்டாள். 'மேற்கண்ட எண்ணிக்கையை நானே நேரில் கண்டு உறுதிசெய்கிறேன்' என்ற வரிக்குக் கீழே அவள் பெயர் கொஞ்சம் கோணலாக விழுந்தது. மூன்றரை மணிக்கு அனுப்பலாம் என்று கென் படிவத்தைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

மதியம் டெஸ்ஸா பாஸ்டித் தட்டோடு அலுவலகத்துக்கு வந்தாள். அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு வழக்கம்.

"பன்னெண்டுன்னு எழுதிட்டியாம்மா?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"வாயை மூடிட்டு எப்படிம்மா சாப்பிடறது?"

கரினுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "உன் பக்கத்துலதானே அது. உனக்குப் பயமா இல்ல?"

"முதல்ல இருந்துச்சு. இப்ப அது சொல்லி முடிக்கறதுக்காகக் காத்துட்டிருக்கேன். இல்லன்னா என் எண் தப்பாயிடும்." டெஸ்ஸா மாவின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் ஒதுக்கினாள். "ஆனா ஐவி ஊரைவிட்டுப் போகலம்மா."

"எப்படிச் சொல்ற?"

"என் கோணமானி அவகிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை வாங்கினா, திங்கக்கிழமை தர்றேன்னா. ஐவி அப்படியெல்லாம் எடுத்துட்டுப் போற ஆளில்ல. போறதா இருந்தா ராத்திரியோட ராத்திரியா வந்து வாசல்ல போட்டுட்டுப் போயிருப்பா."

குழந்தைப் பேச்சு என்று கரின் அதை ஒதுக்கப் பார்த்தாள். முடியவில்லை. அந்தக் குடும்பம் போய்விட்டது என்று தனக்கு முதலில் சொன்னது யார் என்று யோசித்தாள். கென் சொன்னார். கென்னுக்குப் பெட்ரோல் நிலையத்தில் காபி குடித்தவர்கள் சொன்னார்கள். 'சொர்வாரி ரோட்டுல பனி அள்ளும் வண்டிகூடப் போறதில்லையே' என்பதுதான் அவர்களுடைய சாட்சி. பனி அள்ளும் வண்டியை ஓட்டுவது அவள் கணவன் வெஸ்.

போன் செய்தாள். வண்டிக் கொட்டகையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சொர்வாரி ரோட்டுல கடைசியா எப்போ பனி அள்ளின?"

"போன மாசம் நடுவுல. ஏன்?"

"ஏன் நிறுத்தின?"

"இதென்ன கேள்வி? அவங்கதான் போயிட்டாங்களே."

"யார் சொன்னா?"

மறுமுனையில் மெல்லும் சத்தம் நின்றது. "நீதான்."

"நானா?"

"சாப்பாட்டு மேசையில சொன்னியே. சொர்வாரி பொண்ணு மூணு நாளா வரலை, டேல் டெக்சஸ் டெக்சஸ்னு சொல்லிட்டிருந்தான், கிளம்பிட்டான் போலன்னு. மறுநாள் போய்ப் பாத்தேன். புதுப் பனியில டயர் தடம் ஒண்ணுகூட இல்ல. சரி, காலி வீட்டுக்கு எதுக்கு ரெண்டு மைல்னு ரோட்டு முனையில அவங்க தபால் பெட்டிகிட்டயே வண்டியைத் திருப்பிட்டேன். அன்னிக்கே பட்டியல்ல இருந்து அடிச்சாச்சு." அவன் குரல் இறங்கியது. "அத நீ பாத்துட்டுச் சொன்னதா நெனச்சேன்."

"நான் சும்மா சொன்னேன், வெஸ்."

பள்ளியின் படிவத்தில் அந்தப் பெண் இன்று வகுப்பில் இருந்தாள். சாலைப் பட்டியலில் அவள் ஊரிலேயே இல்லை. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறவர்கள்.

"வாசல்ல நில்லு, வர்றேன்," என்றான் வெஸ்.

கரின் ஷெரீப் அலுவலகத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

ஏரியிலிருந்து காற்று இல்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளை. தபால் பெட்டியின் உச்சி மட்டும் பனிக்கு மேல் தெரிந்தது. அதற்கு அருகில் வெஸ்ஸின் வண்டி தினமும் திரும்பிய வட்டம் நன்றாக இறுகிக் கிடந்தது. அதைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே, சாலை என்று சொல்ல எதுவும் இல்லை. வெஸ் வண்டியின் முன்னால் இருந்த பனி தள்ளும் தகட்டைத் தாழ்த்தி உள்ளே விட்டான். மார்பளவுப் பனி இருபுறமும் அலைபோலப் புரண்டு விழுந்தது. இரண்டு மைலுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாதி வழியில் பனிக்குள் ஒரு சிறிய தடம் தெரிந்தது. வீட்டுப் பக்கமிருந்து வந்து, அங்கேயே வட்டமிட்டு, திரும்பிப் போயிருந்தது. பழைய தடம், மேலே பல அடுக்கு பனி விழுந்து குழியாக மட்டும் மிஞ்சியது. வெஸ் அதைப் பார்த்துவிட்டு வண்டியை இன்னும் வேகமாக முடுக்கினான்.

புகைபோக்கியில் மெல்லிய புகை. கதவைத் தட்டுவதற்கு முன்பே அது திறந்தது.

ஐவி அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலைமுடி அழுக்கேறிக் கயிறாகத் திரண்டிருந்தது. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் மெத்தை போட்டு டேல் படுத்திருந்தான். வலது காலில் ஒரு ஹாக்கி மட்டையை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கூரைப் பனியைத் தள்ள ஏறியவன் சறுக்கி விழுந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. நினைவு வந்து வந்து போனது. கைபேசிக்குப் பணம் கட்டவில்லை, கட்டியிருந்தாலும் அந்தக் காட்டில் எடுக்காது. விறகுக் கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்ததால் அடுப்பு அணையவில்லை. உருளைக்கிழங்கும் உறைபெட்டியில் மான் கறியும் இருந்தன.

"வண்டி திரும்பற சத்தம் தினமும் கேக்கும்," என்றாள் ஐவி, வெஸ்ஸைப் பார்த்து. குற்றம் சொல்கிற தொனி இல்லை. "நாளைக்கு வந்துடும்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு."

வெஸ் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

கரின் அந்தப் பிள்ளையின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்: "தினமும் காலையில இங்கேருந்து வாய்ப்பாடு சொல்வியாம்மா? வகுப்புல சொல்ற மாதிரி?"

ஐவி விளங்காமல் பார்த்தாள். "இல்லையே."

"இன்னிக்குக் காலையில? அறுபத்து மூணுன்னு?"

"காலையில தூங்கிட்டேன். ராத்திரி முழுக்க அப்பாவுக்குக் காய்ச்சல்." யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அறுபத்து மூணு எனக்கு வராது. நாம ஆறாம் வாய்ப்பாட்டுலதானே இருக்கோம்? என்னோடது அம்பத்து நாலு."

தொலைவில் ஆம்புலன்ஸின் ஓலம் கேட்டது. கரினின் கைகள்தான் இப்போது குளிர்ந்திருந்தன.

பள்ளிக்குத் திரும்பியபோது மணி மூன்றே கால். கென் செய்தியைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். "கடவுளே. உயிரோட இருக்காங்களே, அது போதும்." பிறகு கண்ணைத் திறந்தார். "அப்ப நாம பொய் சொல்லல, கரின். பொண்ணு இந்த ஊர்லதான் இருக்கா. நம்ம பிள்ளைதான்."

"படிவத்தைக் குடுங்க."

"எதுக்கு?"

"காலையில அவ அறையில இல்ல."

"நீதானே கேட்டேன்னு சொன்ன? உன் காதால கேட்ட. நானும் கேட்டேன்."

"கேட்டேன். அதனாலதான் குடுங்கன்னு சொல்றேன்." கரின் கையை நீட்டியபடியே நின்றாள். "ஐவி சொல்லியிருந்தா பரவாயில்லை. அவ செத்துப்போய் வந்து சொல்லியிருந்தாக்கூட பன்னெண்டுன்னு போட்டிருப்பேன். அது ஐவி இல்ல, கென். யாருன்னு தெரியாத ஒண்ணை, 'நான் பாத்தேன், எண்ணினேன், இது இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை'ன்னு கையெழுத்துப் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்ப மாட்டேன். நாம அதை எழுதி வச்சுட்டா, அப்புறம் அது எங்க போகும்?"

கென் ஆறாவது அறை இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, படிவத்தை மேசையின் மேல் தள்ளினார்.

அவள் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள். பக்கத்தில் சுருக்கொப்பமும் நேரமும் போட்டாள். அன்று மாலை காரில் டெஸ்ஸாவிடம் சொன்னாள். டெஸ்ஸா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை திருப்பியபடியே இருந்தாள்.

மார்ச் முதல் வாரம் மாநிலக் கல்வித் துறையின் கடிதம் வந்தது. இரண்டே பத்தி. வரும் கல்வியாண்டில் நிதி இல்லை, ஜூன் பத்தாம் தேதிக்குள் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ட்ரெவாரோ டீச்சர் எழுபது மைலுக்கு அப்பாலிருந்த பள்ளிக்கு விண்ணப்பம் போட்டார். நூலகத்தில் பழைய அல்ஜீப்ரா புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து டெஸ்ஸாவுக்குக் கொடுத்தாள் கரின். அட்டை கிழிந்த புத்தகம். டெஸ்ஸா அதை வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை.

அதே வாரத்தின் வெள்ளிக்கிழமை ஐவி பள்ளிக்குத் திரும்பினாள். டேல் ஊன்றுகோலோடு மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டான். கொஞ்சம் சதை வைத்திருந்த கன்னத்தோடும் பின்னிவிட்ட தலையோடும் ஐவியைக் கரின்தான் ஆறாவது அறைக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாரோ ஒரு பையன், "உருளைக்கிழங்கு ராணி வந்தாச்சு!" என்றான். ஐவி சிரித்தபடி வரிசைக்குள் போனாள்.

ஒன்பதாவது மேசைக்கு அருகில் வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுக்கக் கை நீட்டியவள், உட்கார்ந்திருக்கும் ஒருவர் மேல் தெரியாமல் இடித்துவிட்டதைப் போலக் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். "சாரி," என்றாள் மெதுவாக. பிறகு சுவரோரம் கிடந்த வேறு நாற்காலியை எடுத்துவந்து எட்டாவது மேசைக்கும் ஒன்பதாவது மேசைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். எட்டாவது மேசைப் பையன் தன் மேசையைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான். அவர்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை போலிருந்தது.

அன்று எட்டாம் வாய்ப்பாடு.

கரின் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். எண்கள் வரிசையாக வந்தன. அறுபத்து நான்கு முடிந்தது.

"எழுபத்தி ரெண்டு," என்றாள் ஐவி. கரகரத்த, தாழ்ந்த குரல். அந்த அறையில் பிப்ரவரி முழுக்கக் கேட்ட குரலுக்கும் அதற்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை.

அடுத்து எண்பது. அது டெஸ்ஸாவின் எண். டெஸ்ஸா வாயைத் திறக்கவில்லை. கைகளை மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டு, தனக்கு முன்னால் இருப்பவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் பிள்ளையின் பொறுமையோடு, காலியாக இருந்த ஒன்பதாவது மேசையைப் பார்த்தாள்.

கரின் கதவை இழுத்துச் சாத்தினாள். அன்று அவள் எண்ண வேண்டிய நாள் இல்லை.